ஸ்பெயினின் மூத்த கால்பந்து கிளப் யாருக்குச் சொந்தம்?

2016 ஜூன் மாதம் தெற்கு ஸ்பெயினில் உள்ள உவெல்வா நகரின் மாநகராட்சி ஒரு கால்பந்து கிளப்பைக் கையகப்படுத்தியது. சாலை போடவும் அணை கட்டவும் தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளுமே, ஏறத்தாழ அதே சட்ட வழிதான். ஒரு தனியார் நிறுவனத்தின் கையிலிருந்த கிளப் பங்குகளை மாநகராட்சி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. சொன்ன காரணம்: இந்த கிளப் ஒரு பண்பாட்டுச் சொத்து, வைத்திருந்தவர்கள் அதைக் காப்பாற்றத் தவறிவிட்டார்கள்.

அப்போது அந்த கிளப் ஆடிக்கொண்டிருந்தது மூன்றாம் டிவிஷனில். கடன் கழுத்தை நெரித்தது. வீரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகவில்லை. அப்படிப்பட்ட ஒரு கிளப்புக்காக ஒரு ஊர் இவ்வளவு தூரம் போகுமா என்று கேட்டால், உவெல்வா போகும். ஏனென்றால் அது ரெக்ரியாட்டிவோ தே உவெல்வா. ஊர்க்காரர்களுக்கு 'ரெக்ரே'. மற்ற ஸ்பானியர்களுக்கு 'எல் தெகானோ', அதாவது மூத்தவர். தூதர்கள் வட்டத்தில் வயதில் அல்ல, வந்து சேர்ந்த வரிசையில் முதலாவதாக இருப்பவரை அந்தச் சொல்லால் அழைப்பார்கள். இந்த கிளப் 1889 டிசம்பர் 23 அன்று தொடங்கியது. பார்சிலோனா கிளப் பிறக்க இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. ரியல் மாட்ரிட் 1902இல்தான் வரப்போகிறது.

உவெல்வாவில் ஏன் முதலில் வந்தது என்பதற்கு விடை ஆற்றில் இருக்கிறது. டின்டோ ஆற்றின் தண்ணீர் சிவப்பு. ஒயின் சிந்தியதுபோல் அடர்ந்த சிவப்பு. இரும்பும் கந்தகமும் கலந்து அமிலமாகிப்போன நீர் அது. ஆறு தொடங்கும் மலைப்பகுதியில் ரோமானியர் காலத்துக்கு முன்பிருந்தே செம்பும் வெள்ளியும் தோண்டியிருக்கிறார்கள். 1873இல் ஸ்பெயின் அரசின் கஜானா காலி. அரசர் பதவி விலகிப் போயிருந்தார், புதிதாக வந்த குடியரசு தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த வேளையில் இந்தச் சுரங்கங்களை 9 கோடியே 28 லட்சம் பெசெட்டாவுக்கு வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் அரசு விற்றது. ஸ்காட்லாந்து வணிகர் ஹியூ மாத்திசன் தலைமையில் லண்டனில் உருவான அந்த நிறுவனம் ஆற்றின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது: ரியோ டின்டோ. இன்று உலகின் மிகப்பெரிய சுரங்க நிறுவனங்களில் ஒன்றாக இருக்கும் அதே ரியோ டின்டோதான்.

நிறுவனம் வேகமாக வேலை செய்தது. சுரங்கத்திலிருந்து உவெல்வா துறைமுகம் வரை 84 கிலோமீட்டர் ரயில் பாதை இரண்டே ஆண்டுகளில் வந்தது. ஒடியெல் ஆற்றங்கரையில் இரும்பும் மரமுமாக ஒரு நீண்ட பாலத்துறை 1876இல் எழுந்தது. அதன் அமைப்பு நேர்த்தியானது. தாது ஏற்றிய வண்டிகள் மேல்தளத்திலிருந்து சரிவில் தம் எடையாலேயே உருண்டு வரும், கப்பலுக்குள் கொட்டும், காலியான வண்டிகள் அதே சரிவைப் பயன்படுத்தி வேறு தண்டவாளத்தில் திரும்பும். எஞ்சின் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். அந்தத் துறைக்கு வந்த கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கப்பல்கள். அவற்றிலிருந்து இறங்கிய மாலுமிகள் கையோடு பந்தும் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கதையை 'ஆங்கிலேயர் வந்தார்கள், கால்பந்து தந்தார்கள்' என்று இனிப்பாக முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிளப் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத முன்பு, 1888 பிப்ரவரி 4 அன்று, அதே நிறுவனத்தின் சுரங்க ஊரில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

செம்பைப் பிரிக்க, தாதுவை மலைபோல் குவித்துத் திறந்த வெளியில் மாதக்கணக்கில் எரிப்பார்கள். அந்தக் குவியல்களுக்கு 'தெலேரா' என்று பெயர். கந்தகப் புகை பள்ளத்தாக்கு முழுவதும் படரும். காற்று நின்றுவிட்ட நாள்களில் புகை தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். அந்தப் படலத்தை மக்கள் 'மான்தா', அதாவது போர்வை என்றார்கள். அன்று மூச்சுவிட முடியாது, வேலையும் நடக்காது, கூலியும் வெட்டுப்படும். சுற்றியிருந்த விவசாயிகளின் பயிரும் மரமும் கருகின. சுரங்கத் தொழிலாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து, குடும்பம் குடும்பமாக, ரியோ டின்டோ ஊர்ச் சதுக்கத்துக்கு ஊர்வலம் வந்தார்கள். புகையை நிறுத்து, கூலியை வெட்டாதே என்பவைதான் கோரிக்கைகளில் முக்கியமானவை. பவியா படைப்பிரிவு கூட்டத்தின் மீது சுட்டது. இறந்தவர்கள் 13 பேர் என்றது அரசுக் கணக்கு. நூற்றுக்கும் மேல் என்கிறது ஊர் நினைவு. அந்தப் பகுதியில் 1888ஐ இன்றும் 'துப்பாக்கிச் சூட்டு ஆண்டு' என்றே சொல்கிறார்கள்.

இந்தச் சூழலில்தான் நிறுவனத்தின் மருத்துவராக இருந்தார் வில்லியம் அலெக்சாண்டர் மெக்கே. ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள கேத்னெஸ் பகுதிக்காரர், முப்பது வயதுகூட ஆகாதவர். உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது, வெளிநாட்டில் தனியாகக் கிடக்கும் இளைஞர்களுக்கு மனத்துக்கும் நல்லது என்று நம்பியவர். அவருடன் சேர்ந்தவர் நகரின் எரிவாயு நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த சார்லஸ் வில்சன் ஆடம். 1889 டிசம்பர் 23 அன்று ஓட்டல் கொலோனில் கூட்டம் கூடியது. 'உவெல்வா ரெக்ரியேஷன் கிளப்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து, ஆடமைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ரெக்ரியேஷன் என்ற சொல்தான் பின்னால் ஸ்பானிய மொழியில் ரெக்ரியாட்டிவோ ஆனது. பெயரிலேயே பாருங்கள், கால்பந்து இல்லை. பொழுதுபோக்குதான் இருக்கிறது. கால்பந்தோடு கிரிக்கெட்டும் டென்னிஸும் ஆடுவதற்கான சங்கமாகத்தான் அது தொடங்கியது.

இதை வைத்துத்தான் 'யார் மூத்தவர்' என்ற சண்டை இன்றும் ஓயாமல் நடக்கிறது. உவெல்வாவிலிருந்து ரயிலில் போனால் அடுத்த பெரிய ஊர் செவில்லே. செவில்லே கிளப் 1905இல் பிறந்தது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். 2012இல் பழைய ஸ்காட்லாந்து நாளிதழ் ஒன்றில், 1890 ஜனவரி 25 அன்று செவில்லேயில் சில பிரிட்டிஷ்காரர்கள் கூடிக் கால்பந்து கிளப் தொடங்கியதாக ஒரு செய்தி கிடைத்தது. அதன் பிறகு செவில்லே தன் பிறந்த ஆண்டை 1890 என்று மாற்றிக்கொண்டது. கால்பந்துக்கென்றே தொடங்கியதால் நாங்களே முதல் 'கால்பந்து' கிளப் என்பது அவர்கள் வாதம். தார்ரகோனா ஊரின் ஜிம்னாஸ்டிக் கிளப் 1886இல் தொடங்கியதுதான், ஆனால் அங்கே கால்பந்து வந்தது 1914இல். சுரங்க ஊரிலேயே அதற்கும் முன்பு பந்து உருண்டது என்று சொல்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், இடையில் பெயர் அறுபடாமல் இன்றுவரை வந்து சேர்ந்தது எது என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கில் ரெக்ரேயை யாரும் தள்ளிவிட முடியாது. ஸ்பெயின் கால்பந்து உலகமும் தெகானோ என்ற பட்டத்தை அதற்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது.

சரி, அந்த இரண்டு கிளப்புகளும் மோதிய முதல் ஆட்டத்துக்கு வருவோம். 1890 பிப்ரவரியில் செவில்லேக்காரர்கள் உவெல்வாவுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எங்கள் ஊருக்கு வாருங்கள், அசோசியேஷன் விதிப்படி ஒரு ஆட்டம் ஆடலாம் என்று அழைப்பு. உவெல்வாவின் நாளிதழ் 'லா ப்ரொவின்சியா' அதை வெளியிட்டதால்தான் அது இன்றும் நமக்குக் கிடைக்கிறது. மார்ச் 8 அன்று செவில்லேயின் தப்லாதா குதிரைப் பந்தயத் திடலில் ஆட்டம். செவில்லே கேப்டன் ஹியூ மெக்கால், வார்ப்பாலைப் பொறியாளர், அவரும் ஸ்காட்லாந்துக்காரர். இரண்டு பக்கமும் பெரும்பாலும் பிரிட்டிஷ் பெயர்கள்தான். ஆனால் உவெல்வா பதினொருவரில் கோட்டோ, டுக்ளோஸ் என்று இரண்டு பெயர்கள் தனியாகத் தெரியும். ஊர்க்காரர்கள். செவில்லே 2-0 என்று வென்றது. ஸ்பெயினில் முறையான விதிகளோடு இரண்டு கிளப்புகள் ஆடிய முதல் ஆட்டம் என்று இதைத்தான் வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்ற கிளப்தான் மூத்த கிளப். ஆனாலும் அந்தக் கோட்டோவையும் டுக்ளோஸையும் நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. நிறுவனத்துக்காரர்களின் விளையாட்டு ஊர்க்காரர்களின் காலுக்கு வந்த முதல் தடயம் அது.

1892இல் கொலம்பஸ் புறப்பட்ட 400ஆம் ஆண்டு விழா வந்தது. இந்தியாவைத் தேடி அவர் கப்பலேறிய பாலோஸ் துறை உவெல்வாவுக்கு எதிர்க்கரையில்தான் இருக்கிறது. விழாவுக்காக நகரில் ஒரு வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத் திடல் கட்டினார்கள். ரெக்ரேக்கு அதுவே வீடானது. 1957 வரை அங்கேதான் ஆடியது. பிறகு வந்த அரங்கத்துக்கும் கொலம்பஸ் பெயர்தான், கொலோம்பினோ. 1965 முதல் கோடைகாலத்தில் நடக்கும் கோப்பைப் போட்டிக்கும் அதே பெயர். 2001இல் ஒடியெல் ஆற்றோரம் கட்டிய இன்றைய அரங்கம் நுவேவோ கொலோம்பினோ, புதிய கொலோம்பினோ. இருபத்தோராயிரத்துக்கும் மேல் இருக்கைகள். நான்காம் டிவிஷன் ஆடும் கிளப்புக்கு இவ்வளவு பெரிய அரங்கம் ஸ்பெயினில் அரிது.

மூத்ததாக இருந்தும் ஏன் பெரியதாக ஆகவில்லை? 1906, 1907 ஆண்டுகளில் தேசியக் கோப்பையில் ஆடியது உண்மை. ஆனால் அதற்குள் கால்பந்தின் எடை வடக்குக்கும் பெரிய நகரங்களுக்கும் நகர்ந்துவிட்டது. பில்பாவோவில் கப்பல் கட்டும் பணம், பார்சிலோனாவில் துணி ஆலைப் பணம், மாட்ரிட்டில் தலைநகரம் என்ற பலம். உவெல்வாவில் உண்டான பணம் அத்தனையும் தாதுவோடு சேர்ந்து கப்பலேறியது. 1929இல் தேசிய லீக் தொடங்கியபோது கோப்பை வென்றவர்கள் ஆறு பேர், இறுதி ஆட்டம் வரை வந்தவர்கள் மூன்று பேர், தகுதிப் போட்டியில் வென்று வந்த ஒருவர் என்று பத்து கிளப்புகளைச் சேர்த்தார்கள். தெற்கு ஸ்பெயினிலிருந்து ஒன்றுகூட இல்லை. (அந்தப் பத்தில் அரேனாஸ், ரியல் யூனியோன், எவ்ரோபா என்ற மூன்றும் இப்போது கீழ் டிவிஷன்களில்தான் இருக்கின்றன. பழம்பெருமை யாருக்கும் சோறு போடுவதில்லை.)

ரெக்ரே முதல் டிவிஷனை முதல்முறை தொட்டது 1978இல், பிறந்து 89 ஆண்டுகள் கழித்து. ஒரே ஆண்டில் கீழே வந்துவிட்டது. அதற்குள் சுரங்க நிறுவனமும் போய்விட்டது. 1954இல் ரியோ டின்டோ தன் ஸ்பெயின் சுரங்கங்களின் பெரும்பங்கை ஸ்பானியர்களிடம் விற்றுவிட்டு உலகின் மற்ற மூலைகளுக்குக் கிளம்பியது. வந்தவர்கள் விட்டுப்போனவற்றில் பாலத்துறை இருந்தது, தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஆங்கில பாணி வீட்டு வரிசைகள் இருந்தன, ஒரு கால்பந்து கிளப் இருந்தது. கிளப்பை மட்டும் ஊர் முழுதாகத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

அடுத்தடுத்த மேலேற்றங்கள் வர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. 2002இல் லூகாஸ் அல்கராஸ் பயிற்சியில் மீண்டும் முதல் டிவிஷன். அந்த சீசன் இரண்டு முகம் கொண்டது. லீக்கில் தடுமாறிக் கீழிறக்கம் உறுதியானது. கோப்பையில் மட்டும் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி இறுதி ஆட்டம் வரை போனது. டிவிஷனை இழந்த துக்கம் ஆறுவதற்குள், 2003 ஜூன் 28 அன்று, எல்சே நகரில் மயோர்காவுக்கு எதிராகக் கிளப் வரலாற்றின் மிகப்பெரிய ஆட்டம். பாண்டியானி ஒரு பெனால்டி, இளம் சாமுவேல் எட்டோ இரண்டு கோல். 3-0. தோல்விதான். ஆனால் ரெக்ரே ரசிகர்கள் அந்த நாளைப் பெருமையோடுதான் சொல்வார்கள்.

அப்புறம் வந்தது 2006. மார்செலினோ கார்சியா தோரால் என்ற பயிற்சியாளர் இரண்டாம் டிவிஷன் பட்டத்தை வென்று கிளப்பை மேலே கொண்டுவந்தார். அணியில் நைஜீரியாவின் இகேச்சுக்வு உச்சே, லிவர்பூலிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர் சினாமா போங்கோல், வியாரியால் கிளப்பிலிருந்து வந்திருந்த சின்ன உருவக்காரர் சாந்தி கஸோர்லா. டிசம்பர் 20 அன்று மாட்ரிட்டின் பெர்னபேவு அரங்கில் ஃபாபியோ கபெல்லோவின் ரியல் மாட்ரிட்டோடு ஆட்டம். உவெல்வாவிலிருந்து ரசிகர்கள் பேருந்துகளில் கிளம்பியிருந்தார்கள். வழியில் ஒரு பேருந்து விபத்துக்குள்ளாகி நான்கு பேர் இறந்துபோனார்கள். கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருந்தது.

ஆட்டம் நடந்தது. ரெக்ரே 3-0 என்று வென்றது. சினாமா போங்கோல், உச்சே, கடைசியில் விக்கெய்ரா. அந்த ஆண்டு லீக் பட்டத்தை வென்றதே ரியல் மாட்ரிட்தான், அந்த அணியை அதன் வீட்டிலேயே வென்றார்கள். கிளப்பின் 117 ஆண்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய வெற்றி இருந்திருக்காது. ஆனால் உவெல்வாவில் அன்றிரவு யாரால் கொண்டாட முடியும்? வீட்டுக்குத் திரும்பாத நான்கு பேரின் நினைவோடுதான் அந்த ஸ்கோரை ஊர் இன்றும் சொல்கிறது. சந்தோஷமும் துக்கமும் ஒரே தேதியில் விழுந்த அந்த டிசம்பருக்குப் பிறகு, கிளப் என்பது அந்த ஊரில் குடும்ப விஷயமாகிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

சீசன் முடிவில் எட்டாம் இடம். ரெக்ரே வரலாற்றில் அதுவே உச்சம். மார்செலினோ சாந்தாந்தேருக்குப் போனார், உச்சேயும் போனார், கஸோர்லாவை வியாரியால் திரும்ப அழைத்துக்கொண்டது. 2009இல் கீழிறக்கம். 2015இல் மூன்றாம் டிவிஷன்.

இங்கே ஸ்பெயின் கிளப்புகளின் பண விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஒரு காலத்தில் இவை எல்லாமே உறுப்பினர் சங்கங்கள். சந்தா கட்டுகிற உறுப்பினருக்கு ஓட்டு உண்டு, தலைவரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். கடன் கட்டுமீறிப் போனதால் 1990இல் வந்த விளையாட்டுச் சட்டம் தொழில்முறை டிவிஷன்களில் இருக்கும் கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னது. கணக்கு சரியாக இருந்த ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவோ, ஒசசூனா என்ற நான்குக்கு மட்டும் விலக்கு. நிறுவனமாக்கினால் பொறுப்பு வரும், கணக்கு ஒழுங்காகும் என்பது நோக்கம். நடந்தது வேறு. பங்குகள் யார் கையில் குவிகிறதோ அவர்தான் கிளப். கட்டுமானத் தொழில் கொழித்த ஆண்டுகளில் பலரும் கிளப்புகளை வாங்கினார்கள். 2008இல் அந்தத் தொழில் விழுந்தபோது கிளப்புகளும் சேர்ந்து விழுந்தன.

விழும் முறையும் தெரிந்துகொள்ள வேண்டியது. வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி இருந்தால் வீரர் சங்கம் புகார் செய்யும். கோடையில் குறித்த தேதிக்குள் தீர்க்காவிட்டால், களத்தில் எந்த இடத்தில் முடித்திருந்தாலும் கிளப்பைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். வரித்துறைக்கும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கும் கட்ட வேண்டியது தனி. எதையும் கட்ட முடியாமல் நீதிமன்றம் கலைக்கச் சொல்லிவிட்டால், கதை முடிந்தது. ரசிகர்கள் புதிய கிளப் தொடங்கலாம், ஆனால் அடிமட்டத்திலிருந்து, புதிய பெயரில், புதிய பிறந்த தேதியோடு. 1923இல் பிறந்த சலமாங்கா கிளப் 2013இல் அப்படித்தான் மறைந்தது. அதன் ரசிகர்கள் சில வாரங்களிலேயே 'யூனியனிஸ்டாஸ்' என்று ஆளுக்கு ஒரு ஓட்டு முறையில் புது கிளப் தொடங்கி நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனாலும் 1923 திரும்பி வரவில்லை.

உவெல்வாவுக்கு இது எவ்வளவு பெரிய பயம் என்று இப்போது புரியும். சலமாங்கா இழந்தது 90 ஆண்டு நினைவை. ரெக்ரே கலைந்தால் போவது 1889. அந்த ஒரு எண்ணை எடுத்துவிட்டால் தெகானோ என்ற சொல்லே பொருளற்றுப்போகும். மற்ற கிளப்புகளுக்குக் கோப்பைகள் இருக்கின்றன. இதற்கு இருப்பது ஒரு தேதி.

வடக்கே ஒவியேடோ கிளப் 2012இல் இதே மாதிரி மூழ்கப்போனபோது வேறு வழியில் தப்பியது. சில்லறைப் பங்குகளை விற்றார்கள். உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். அங்கே இளமையில் பயிற்சி பெற்ற கஸோர்லா, மிச்சு, மாத்தா போன்றவர்களும் வாங்கினார்கள். கடைசியில் மெக்சிகோ கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிமின் குழுமமும் பணம் போட்டது. ஆமாம், பெர்னபேவு வெற்றி நாள்களில் ரெக்ரேயில் ஆடிய அதே கஸோர்லாதான். உவெல்வாவுக்கு அப்படியொரு கோடீஸ்வரர் வரவில்லை. மாநகராட்சி கையிலிருந்த பெரும்பங்கை 2012இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றிருந்தார்கள். அதன் பிறகு கடன் ஏறியது, கிளப் இறங்கியது. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள், கூட்டம் கூடினார்கள், உண்டியல் குலுக்கினார்கள்.

அப்போதுதான் எதிர்பாராத ஒரு சட்ட வழி திறந்தது. ஆண்டலூசியப் பிராந்திய அரசிடம் பண்பாட்டு மரபுச் சொத்துகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கோட்டை, தேவாலயம், பழைய ஆலைகள், ஊர்த் திருவிழாக்கள், பரம்பரைத் தொழில்கள் போன்றவை அதில் வரும். ரெக்ரியாட்டிவோவின் கால்பந்தையும் அதில் சேர்த்தார்கள். பட்டியலில் ஏறிய சொத்தைப் பேணுவது அதை வைத்திருப்பவரின் கடமை. பேணாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளலாம். ஒரு பழைய மாளிகையை இடிய விட்ட முதலாளியிடமிருந்து அதை மீட்பதற்கு எழுதிய விதியை, மாநகராட்சி ஒரு கால்பந்து கிளப்புக்குப் பொருத்தியது. 2016 ஜூனில் பங்குகள் கைமாறின.

பொதுமக்கள் வரிப்பணத்தைத் தொழில்முறைக் கால்பந்தில் கொட்டலாமா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேலையின்மை அதிகமுள்ள ஒரு மாகாணத்தின் தலைநகரம் அது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் தேவைப்படும் இடத்தில் முன்கள வீரரின் சம்பளப் பாக்கிக்கு ஏன் என்று கேட்கத்தான் செய்வார்கள். ஆனாலும் நான் மாநகராட்சியின் பக்கம்தான். அந்த ஊரின் செம்பு போயிற்று, லாபம் போயிற்று, புகையும் அமில ஆறும் மிஞ்சின. அங்கிருந்து போகாமல் நின்ற ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ள அந்த ஊருக்கு உரிமை உண்டு.

கைப்பற்றியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய கடன் அப்படியே தொடர்ந்தது, வரித்துறை காத்திருந்தது. 2019இல் மூன்றாம் டிவிஷனில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தும், மேலேறும் ஆட்டத்தில் ஃபுவென்லாப்ராதாவிடம் தோற்றது. மாட்ரிட்டின் புறநகர் கிளப் அது, 1975இல் பிறந்தது. பிறகு பெருந்தொற்று. 2021இல் கூட்டமைப்பு லீக் அமைப்பையே மாற்றியது. மூன்றாம் நிலையில் இருந்த 102 கிளப்புகளில் 4 மேலேறின, 36 மட்டும் புதிய மூன்றாம் நிலையில் தங்கின. மற்றவை நான்காம் நிலைக்கும், கடைசியில் முடித்தவை நேரே ஐந்தாம் நிலைக்கும் போயின. ரெக்ரே அந்தக் கடைசிக் கூட்டத்தில் சிக்கியது. ஒரே கோடையில் இரண்டு படி கீழே.

ஐந்தாம் நிலை என்றால் சின்னச் சின்ன ஊர் அணிகள். நுவேவோ கொலோம்பினோவின் ஒரு ஸ்டாண்டில் அடங்கிவிடும் அளவுக்கே மக்கள்தொகை உள்ள ஊர்கள்கூட உண்டு. அங்கேயும் நீலமும் வெள்ளையும் கோடு போட்ட சட்டையோடு ரசிகர்கள் கூடவே போனார்கள். 2022இல் ஒரு படி, 2023இல் இன்னொரு படி என்று இரண்டே ஆண்டில் மூன்றாம் நிலைக்குத் திரும்பினார்கள். 2025இல் மறுபடி இறங்கி இப்போது நான்காம் நிலை. 90 கிளப்புகள் ஐந்து பிரிவுகளாக ஆடும் இடம்.

தாது ஏற்றிய பழைய பாலத்துறை இன்றும் ஒடியெல் ஆற்றில் நிற்கிறது. கப்பல் வருவதில்லை. மாலையில் ஊர்க்காரர்கள் அதன் மரப்பலகைகள் மேல் நடந்துபோய் முனையில் நின்று சூரியன் இறங்குவதைப் பார்க்கிறார்கள், சிலர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதே ஆற்றோரம்தான் அரங்கமும் இருக்கிறது. ஆட்டம் உள்ள நாளில் நீல வெள்ளைச் சட்டை போட்டவர்கள் அந்தப் பக்கம் நடப்பார்கள், அப்பா கையைப் பிடித்தபடி பிள்ளைகளும்.